பெற்றவள் பார்வையாளர் அல்ல!

(பட்டிமன்றத் தலைப்பு: 'குறைமாதக் குழந்தையைக் கரை சேர்ப்பவை மருத்துவக் கருவிகளா? பெற்றோரின் அரவணைப்பா?' — 'அரவணைப்பே' என்ற அணியில் நிறைவாகப் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே அமர்ந்து கருவிகளுக்காகக் கச்சை கட்டிக்கொண்டு வாதாடுகிற நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைய அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே, கையில் காப்பித் தம்ளரோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அன்பு உள்ளங்களே! 

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு பட்டியல் போட்டார். இன்குபேட்டர், வென்டிலேட்டர், மானிட்டர், சிரிஞ்ச் பம்ப்... கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு, இது பட்டிமன்றமா, மருத்துவமனை பில்லா என்று சந்தேகமே வந்துவிட்டது. (சிரிப்பு) கடைசியிலே 'மொத்தம் இவ்வளவு' என்று அவர் சொல்லாததுதான் பாக்கி! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கருவி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் என்னைவிடப் பெரிய முட்டாள் இருக்க முடியாது. எட்டு வாரம், பத்து வாரம் முன்னாலே பிறந்துவிட்ட ஒரு பச்சை மண்ணை, 'அன்பாலே வளர்க்கிறேன்' என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் அது அன்பல்ல, அறியாமை. நான் கேட்பது ஒரே கேள்வி. அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவிலே பெற்றவளுக்கு என்ன இடம்? மருந்து, மருத்துவர், செவிலியர் மாதிரி அவளும் சிகிச்சையிலே ஒரு பங்கா? அல்லது சாயங்காலம் நாலு மணியிலிருந்து நாலு பத்து வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பார்வையாளரா? என் அணி சொல்கிறது: அவள் பார்வையாளர் அல்ல, அவளே சிகிச்சை. (கைதட்டல்)

கருவிக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். பிரான்சு தேசத்திலே ஸ்தெஃபான் தார்னியே என்று ஒரு பிரசவ மருத்துவர். பாரிஸ் நகரத்து விலங்குக் காட்சிச் சாலைக்குப் போனவர், அங்கே கோழி முட்டைகளைச் சூடான பெட்டியிலே வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்திருப்பதைப் பார்த்தார். நாமாக இருந்தால் என்ன நினைத்திருப்போம்? 'கோழி நல்லா இருக்கே, வறுவலா, குழம்பா' என்று நினைத்திருப்போம். (சிரிப்பு) அவர் நினைத்தார்: 'முட்டைக்கு ஆகிறது குழந்தைக்கு ஆகாதா?' 1880ஆம் ஆண்டு பாரிஸ் பிரசவ மருத்துவமனையிலே அந்தப் பெட்டி வந்தது. நம் ஊரிலே 'குழந்தையைப் பெட்டியில வச்சிருக்காங்க' என்று சொல்கிறோமே, அந்தப் பெட்டியின் பாட்டன் அதுதான்.

1963ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்னாலே பிறந்துவிட்டான். எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு நாள்கூட முழுதாக இருக்கவில்லை. ஏன்? நம் நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றறைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்க, உள்ளே வழவழப்பாக ஒரு பொருள் சுரக்கிறது. அவசரப்பட்டுப் பிறந்த குழந்தைக்கு அது போதுமான அளவு சுரந்திருக்காது. உலகத்திலேயே அதிகாரம் மிகுந்த தகப்பனாராலும் அன்றைக்கு அதை வாங்கித் தர முடியவில்லை. அந்தப் பொருளைக் குழந்தையின் நுரையீரலுக்குள் வெற்றிகரமாகச் செலுத்திய செய்தி ஜப்பானிலிருந்து 1980ஆம் ஆண்டு வந்தது. இன்றைக்கு அந்த எடையிலே பிறக்கிற குழந்தைகள் பெரும்பாலும் நல்லபடியாக வீட்டுக்குப் போகின்றன. விஞ்ஞானத்துக்கு நான் கைகூப்புகிறேன்.

இன்னொரு அதிசயம் சொல்லட்டுமா? குறைமாதக் குழந்தைக்கு மூச்சு விடுவதே சில நேரம் மறந்து போகும். மூளையிலே மூச்சுக்கான பகுதி இன்னும் முதிரவில்லை. மூச்சு நின்றால் மானிட்டர் அலறும். செவிலியர் ஓடிவந்து உள்ளங்காலைத் தடவினால் 'ஓ, மறந்துட்டேனே' என்று மறுபடியும் மூச்சு விடும். இதற்கு மருந்து என்ன தெரியுமா? காஃபீன்! நம்ம காப்பியிலே இருக்கிற அதே காஃபீன். 'காப்பி குடிச்சாத்தான் எனக்கு வேலை ஓடும்' என்று நம் வீட்டிலே பெரியவர்கள் சொன்னால் சிரிக்கிறோம். பிறந்து இரண்டு நாள் ஆனவனுக்கும் அதுதான் கதி! (பலத்த சிரிப்பு) அதற்காக வீட்டிலே பாலாடையிலே காப்பி ஊற்றிவிடாதீர்கள், தாய்மார்களே. அது மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டிய மருந்து.

சரி. கருவி ஜெயித்துவிட்டதா? எதிரணி நண்பர் தலையை ஆட்டுகிறார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா.

அந்தத் தார்னியேவின் மாணவர் பியேர் பூதேன் என்று ஒருவர். குருநாதர் கொண்டுவந்த பெட்டியை வைத்துக் குழந்தைகளைக் காப்பாற்றியவர். அவரே ஒன்றைக் கவனித்து எழுதினார். பெட்டியிலே குழந்தையை வைத்துவிட்டு அம்மாவை வெளியே நிறுத்தினால், நாளாக ஆக அந்த அம்மாவுக்குக் குழந்தைமேல் இருக்கிற ஒட்டுதலே குறைந்து போகிறது என்று கவலைப்பட்டார். ஆகவே, தாயை உள்ளே வரவழையுங்கள், பால் கொடுக்க வையுங்கள் என்றார். சொன்னது யார்? பெட்டிக்காரரே சொன்னார்! எதிரணியின் சாட்சியே என் பக்கம் பேசுகிறது, நடுவர் அவர்களே. (கைதட்டல்)

உலகம் அதைக் கேட்டதா? கேட்கவில்லை. அமெரிக்காவிலே நியூயார்க் பக்கத்தில் கோனி தீவு என்று ஒரு பொழுதுபோக்கு இடம். அங்கே 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்சி நடத்தினார். 25 சென்ட் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ராட்டினம் பார், குழந்தை பார்! அந்தக் காசிலேதான் குழந்தைகளுக்குச் சிகிச்சை. பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று மனசிலே பதிந்துவிட்டது. குறைமாதக் குழந்தை என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டியது, நாம் இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியது. அன்றைக்குக் காசு கொடுத்தவர் எல்லாம் பார்த்தார்கள். இன்றைக்குப் பல இடங்களில் பெற்றவளுக்கே பாஸ்!

இப்போது நம் ஊருக்கு வருவோம். பிரசவம் முடிகிறது. குழந்தை அழுததா இல்லையா என்றுகூடத் தாய்க்குத் தெரியாது. துணியிலே சுற்றி ஓடுகிறார்கள். தாய் ஒரு வார்டு, குழந்தை வேறு மாடி. சில சமயம் வேறு மருத்துவமனை, வேறு ஊர். பக்கத்துக் கட்டிலிலே பிள்ளை அழுகிறது. இவள் கட்டிலிலே தலையணைதான் இருக்கிறது. மூன்றாம் நாள் மார்பிலே பால் கட்டிக்கொள்கிறது. குடிக்கப் பிள்ளை பக்கத்திலே இல்லை.

அந்த நேரம் பார்த்து நம் சொந்தக்காரர்கள் வருவார்கள் பாருங்கள்! 'ஏம்மா, மாடிப்படி ஏறினியா?' 'பஸ்ல போனியா?' 'பப்பாளி தின்னியா?' நலம் விசாரிக்க வந்தார்களா, குற்றப்பத்திரிகை வாசிக்க வந்தார்களா என்றே தெரியாது. (சிரிப்பு) போகிற போக்கிலே ஒரு பாட்டி சொல்லிவிட்டுப் போவார்: 'ஏழாம் மாசம்னா தங்கிடும், எட்டாம் மாசம்னாத்தான் தங்காது.' எட்டு மாதத்திலே பெற்றவள் காதிலே இது விழுந்தால் என்ன ஆகும்? பாட்டிமார்கள் என்னை மன்னிக்க வேண்டும். இந்தக் கணக்கு தப்பு. வயிற்றுக்குள்ளே கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். ஏழைவிட எட்டு நல்லது, எட்டைவிட ஒன்பது நல்லது. சாதாரணக் கூட்டல் கணக்கு. குறைப்பிரசவம் பல நேரம் எந்தக் காரணமும் பிடிபடாமலே நேர்கிறது. 2020ஆம் ஆண்டிலே மட்டும் உலகம் முழுவதும் ஒரு கோடியே முப்பத்து நான்கு லட்சம் குழந்தைகள் குறைமாதத்திலே பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அத்தனை அம்மாக்களுமா மாடிப்படி ஏறினார்கள்? (சிரிப்பு, கைதட்டல்)

என் மாணவி ஒருத்தி. அவள் பெயரும் வேண்டாம், அந்த மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். முப்பதாவது வாரத்திலே பெண் குழந்தை. ஒன்றே கால் கிலோ. பதினோரு நாள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே போகக் கூடாது, கிருமி வரும் என்றார்கள். கிருமி வரக் கூடாது, உண்மை. ஆனால் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினால் செவிலியர் கையிலிருந்து போகிற கிருமி, தாயின் கையிலிருந்து மட்டும் போக மாட்டேன் என்கிறதா? (கைதட்டல்) பன்னிரண்டாம் நாள் புதிதாக மாறி வந்த ஒரு மூத்த செவிலியர் அவளை உள்ளே கூப்பிட்டு, குழந்தையை அவள் மார்பிலே வைத்துத் துணியால் கட்டிவிட்டார். அன்று சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினாள். என்ன சொன்னாள் தெரியுமா? 'ஐயா, தொப்பியைச் சரி பண்ணும்போது பார்த்தேன். அவளுக்கு அப்படியே எங்க மாமியார் காது!' (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை. பதினோரு நாள் பெற்றவளுக்குத் தன் குழந்தையின் காது எப்படி இருக்கும் என்றே தெரியாது, நடுவர் அவர்களே. மானிட்டரிலே ஓடுகிற அத்தனை எண்களும் தெரியும். காது தெரியாது. (அரங்கில் அமைதி)

'இதெல்லாம் உணர்ச்சிப் பேச்சு, ஆதாரம் எங்கே?' என்று எதிரணித் தலைவர் கேட்பார். வாருங்கள், ஆதாரத்துக்கே போவோம்.

தென் அமெரிக்காவிலே கொலம்பியா நாடு. தலைநகரம் பொகோட்டா. அங்கே ஏழை எளியவர்கள் வரும் ஒரு தாய் சேய் மருத்துவமனை. பெட்டி போதவில்லை, ஒரே பெட்டியிலே இரண்டு குழந்தை, மூன்று குழந்தை. ஒன்றுக்கு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். எட்கர் ரே என்ற மருத்துவர் 1978ஆம் ஆண்டு யோசித்தார். பெட்டி செய்கிற வேலை என்ன? சூடு கொடுப்பது. அதே சூட்டோடு ஓர் உடம்பு வெளியிலே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறதே! தாயின் இரண்டு மார்புக்கும் நடுவிலே குழந்தையை நிமிர்த்தி, தோலோடு தோலாக வைத்துக் கட்டச் சொன்னார். அடுத்த ஆண்டு எக்டர் மார்ட்டினெஸ் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்துகொண்டார்.

இதற்குக் கங்காரு முறை என்று பெயர். ஏன் அந்தப் பெயர்? கங்காரு குட்டி போடும்போது அது ஒரு மொச்சைக் கொட்டை அளவுதான் இருக்கும். எடை ஏறத்தாழ ஒரு கிராம். உலகத்திலே பிறக்கிற அத்தனை கங்காருவும் குறைமாதம்தான்! அந்தக் குட்டி தாயின் பைக்குள்ளே போய் முலையைப் பிடித்துக்கொண்டு மீதி மாதத்தை அங்கேயே கழிக்கிறது. அது எந்தப் பெட்டியைக் கேட்டது? (கைதட்டல்)

'அது பெட்டி இல்லாத ஏழை நாட்டுக் கதை. பெட்டி இருக்கிற இடத்திலே எதற்கு?' நல்ல கேள்வி. இதைத்தான் உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, நம் இந்தியா என்று ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள். இந்தியாவிலே எது? தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து ஒரு கிலோ எண்ணூறு கிராமுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை: முதலில் பெட்டி, உடல்நிலை சீரான பிறகு தாயின் மார்பு. இன்னொரு பிரிவுக்குப் பிறந்தவுடனேயே தாயின் மார்பு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள்.

கவனியுங்கள், நடுவர் அவர்களே. இரண்டு பக்கமும் மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, கருவி உண்டு. வித்தியாசம் என்ன? அந்த முதல் நாட்களிலே ஒரு பக்கம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தோலோடு தோல்; மறுபக்கம் ஏறத்தாழ பதினேழு மணி நேரம். முதல் இருபத்தெட்டு நாளைக்குள் வழக்கமான முறையிலே நூற்றுக்குப் பதினாறுக்குச் சற்றுக் குறைவான குழந்தைகள் இறந்தன. தாயின் மார்பிலே இருந்த பிரிவிலே நூற்றுக்குப் பன்னிரண்டு. நாலில் ஒரு சாவு குறைந்தது! 'இதற்கு மேலும் ஒரு பிரிவுக்கு இதை மறுப்பது நியாயமில்லை' என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2021ஆம் ஆண்டு முடிவு வெளியானது. 2022ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றியது. இப்போது சொல்லுங்கள், உணர்ச்சிப் பேச்சா? கணக்குப் பேச்சா? (நீண்ட கைதட்டல்)

வள்ளுவர் மக்கட்பேறு என்று ஓர் அதிகாரம் வைத்தார். குழந்தையின் உடம்பைத் தொடுவது பெற்றவரின் உடம்புக்கு இன்பம் என்ற கருத்தை அதிலே வைத்தார். அதே தொடுதல் குழந்தையின் உடம்புக்கு உயிர் என்பதைத் தில்லி மருத்துவமனையிலே எண்ணிக் காட்டிவிட்டார்கள்.

அடுத்து பால். தாய்ப்பாலைக் கடையிலே வாங்க முடியுமா? குழந்தைக்கு உறிஞ்சத் தெரிய வேண்டும், விழுங்கத் தெரிய வேண்டும், நடுவிலே மூச்சும் விடத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் ஒன்று சேர ஏறக்குறைய முப்பத்து நாலாவது வாரம் ஆகிவிடும். அதுவரைக்கும் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய குழாய் போட்டுச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்கள். குழாய் கருவிதான், ஒத்துக்கொள்கிறேன். குழாயிலே போகிற பால் யாருடையது? இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கையாலே பீய்ச்சி, ஒரு சின்னக் கிண்ணத்திலே நாலு சொட்டு சேர்த்து, அதையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு நடந்து வருகிறாளே, அவளுடையது! குறைமாதக் குழந்தைகளின் குடலே அழுகிப்போகிற ஒரு கொடிய நோய் உண்டு. அதைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை. தன் தாயின் பால் கிடைக்காதபோது இன்னொரு தாயின் பால். அதற்காகத்தான் மும்பை சயான் மருத்துவமனையிலே 1989ஆம் ஆண்டு தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள். எந்த வங்கியிலே பணம் போட்டாலும் வட்டி வரும். இந்த வங்கியிலே போட்டால் ஊரான் பிள்ளை வளரும்! (கைதட்டல்)

அப்பாக்களை விட்டுவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த வராந்தாவிலே பாருங்கள். ஒரு கையிலே பிளாஸ்க், ஒரு கையிலே பில். மாடிக்கு ஒரு ஓட்டம், மருந்துக் கடைக்கு ஒரு ஓட்டம். மனைவி கேட்டால் 'நல்லா இருக்கான்மா' என்பான். அம்மா கேட்டால் 'நல்லா இருக்கான்மா' என்பான். அவனை யாராவது கேட்டார்களா, 'நீ எப்படிப்பா இருக்கே?' என்று? மாடிப்படிக்குக் கீழே போய்த் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறவன் அவன். அவனுக்கு ஒரு நல்ல செய்தி. அப்பாவின் மார்பும் அதே வேலையைச் செய்யும். சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரு தம்பி. மனைவி சாப்பிட, குளிக்க, ஒரு மணி நேரம் தூங்க உன் மார்பு போதும். 'மார்பிலே முடி இருக்கே, குழந்தைக்குக் குத்தாதா?' என்று கூச்சப்படாதே. அவன் வளர்ந்த பிறகு உன் மீசையையே பிடித்து இழுக்கப் போகிறான்! (சிரிப்பு)

பணம் இன்னொரு கவலை. தாலியை அடகு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். 2011ஆம் ஆண்டு வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சையும் மருந்தும் இலவசம். அது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். 2017ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம் இன்னொன்றும் செய்தது. குழந்தையின் சிகிச்சையிலே குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், கை கழுவவும் பால் புகட்டவும் மார்பிலே கட்டிக்கொள்ளவும் ஆபத்து அறிகுறிகளைக் கண்டுகொள்ளவும் பெற்றோருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. ஆக, நான் ஒன்றும் இல்லாததைக் கேட்கவில்லை. எழுதி வைத்ததைச் செய்யுங்கள் என்கிறேன்.

நடுவர் அவர்களே, இனி நான் சொல்லப் போவது கைதட்டலுக்கு அல்ல. 'அரவணைத்தும் பிழைக்காத குழந்தை உண்டே, அதற்கு என்ன சொல்வீர்கள்?' என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. உண்டு அம்மா. நான் சொன்ன கணக்கிலேயே தாயின் மார்பிலே இருந்தும் நூற்றுக்குப் பன்னிரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அந்தப் பன்னிரண்டு தாய்மார்களைப் பார்த்து, 'நீ சரியாகக் கட்டிக்கொள்ளவில்லை' என்று எவனாவது சொன்னால் அவனைவிடக் கொடியவன் இல்லை. அவர்கள் அன்பு குறைந்ததாலே அந்தக் குழந்தைகள் போகவில்லை. வயதும் எடையும் நோயும் சில நேரம் மருத்துவத்தையும் மீறும், மடியையும் மீறும்.

ஆனால், அந்தக் குழந்தை இருந்தது மூன்று நாள் என்றால் அந்த மூன்று நாளும் யாருக்குச் சொந்தம்? நம்மிலே சிலர் 'தங்குமோ தங்காதோ, எதுக்குப் பேரு வச்சுக்கிட்டு' என்று பெயரே வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பெட்டியிலே 'இன்னாரின் குழந்தை' என்று சீட்டு ஒட்டியிருக்கும். நான் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன். நம் பிள்ளைத்தமிழிலே பத்துப் பருவம் உண்டு. முதல் பருவத்துக்குப் பெயரே காப்பு. குழந்தையைக் காக்க வேண்டும் என்று வேண்டித்தான் புலவன் தொடங்குகிறான். தவழுமா, நடக்குமா, தேர் ஓட்டுமா என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டு அவன் பாட ஆரம்பிக்கவில்லை. நீங்களும் காத்திருக்க வேண்டாம். பெயர் வையுங்கள். காதோடு போய் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். வயிற்றுக்குள்ளேயே அம்மாவின் குரலைக் கேட்டுப் பழகிய காது அது. மருத்துவர் அனுமதித்தால் கையிலே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும், தான் ஒரு பிள்ளையைத் தூக்கினோம் என்பது அந்தத் தாயிடமிருந்து யாரும் பறிக்க முடியாத ஒன்று. (அரங்கில் அமைதி, பின் கைதட்டல்)

வீட்டிலே கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டு நிமிடம், நடுவர் மணி அடிப்பதற்குள்! (சிரிப்பு) உறவுக்காரர்களே, பச்சைக் குழந்தை நாக்கிலே சேனை என்று தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், எதையும் தொட்டு வைக்காதீர்கள். சளி, இருமல் இருந்தால் குழந்தை பக்கமே போகாதீர்கள். எடை எவ்வளவு என்று தினமும் போன் பண்ணிக் கேட்காதீர்கள். பிறந்த குழந்தை முதல் சில நாள் எடை குறைந்துதான் பிறகு ஏறும். உதவ வேண்டுமா? ஒரு வேளைச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலே கொண்டு விடுங்கள். அவள் குழந்தை பக்கத்திலே உட்கார்ந்திருக்க ஒரு மணி நேரத்தைச் சம்பாதித்துக் கொடுங்கள்.

பெற்றோர்களே, வீட்டுக்கு வந்துவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். முப்பத்து நாலு வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கும், இரண்டு கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கும் பிறந்து முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். 1940களிலும் 50களிலும் பெட்டிக்குள்ளே அளவுக்கு மேல் ஆக்ஸிஜன் கொடுத்து ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போயிற்று. 1951ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலே கேட் கேம்பெல் என்ற பெண் மருத்துவர்தான் அந்தத் தொடர்பை எடுத்துக் காட்டினார். இன்றைக்கு ஆக்ஸிஜனை அளந்து கொடுக்கிறார்கள். ஆனாலும் பரிசோதனை தவறக் கூடாது. சரியான நாளிலே கண்டுபிடித்தால் கண்ணைக் காப்பாற்றலாம், நாள் கடந்தால் கஷ்டம். அந்தத் தேதியை எந்தக் கருவி நினைவு வைத்துக்கொள்ளும்? காலண்டரிலே வட்டம் போட்டு வைக்கிற தாய்தான் நினைவு வைப்பாள்.

இன்னொன்று. 'பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்துட்டான், நம்ம பிள்ளை இன்னும் விழலையே' என்று ஒப்பிடாதீர்கள். இரண்டு மாதம் முன்னால் பிறந்தவனுக்கு ஆறு மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கிலே நாலு மாதம்தான். இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஆனால் தடுப்பூசிக்கு மட்டும் கழிக்காதீர்கள். அது பிறந்த தேதிக் கணக்குப்படிதான், மருத்துவர் சொல்கிற நாளிலே.

நிறைவாக, நடுவர் அவர்களே! கருவியை ஒரு மின்தடை நிறுத்தும். கருவிக்கு வாடகை உண்டு, பழுது உண்டு. இருந்தும் அதற்கு அந்த அறையிலே நிரந்தர இடம் இருக்கிறது. பிள்ளையைப் பெற்றவளுக்கு ஒரு நாற்காலி இல்லை. கருவியை வெளியே எடுங்கள் என்று என் அணி கேட்கவில்லை. அந்தக் கருவிக்குப் பக்கத்திலே சாய்ந்து உட்காருகிற மாதிரி ஒரு நாற்காலி போடுங்கள், முடிந்தால் ஒரு கட்டில் போடுங்கள், அவளை உட்கார வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். பல உயிர்கள் அந்த ஒரு நாற்காலியிலே பிழைக்கும். ஆகவே, குறைமாதக் குழந்தையைக் கரை சேர்ப்பது பெற்றோரின் அரவணைப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொண்டு, இப்போது இந்த நேரத்திலே எங்கோ ஒரு மருத்துவமனை வராந்தாவிலே காத்துக்கொண்டிருக்கிற ஒவ்வோர் அம்மாவுக்கும் அப்பாவுக்கும், 'உள்ளே வாங்கம்மா' என்ற குரல் சீக்கிரம் கேட்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)